தூளி தூக்க வர்ற தோள், பத்து மாசமும் எங்கே போச்சு?

(பென்னாகரத்தில் நடந்த கட்சி ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுவதும் படியுங்கள், வீட்டில் படித்துக் காட்டுங்கள்.)



தாய்-சேய் நலம்னு தலைப்பு போட்டதும் முன்வரிசையில் மகளிரணியை உட்கார வைத்துவிட்டு, ஆண் தோழர்கள் டீக்கடைப் பக்கம் ஒதுங்கப் பார்க்கிறீர்கள். கொஞ்சம் உள்ளே வாங்க. இன்றைக்கு நான் பேச வந்ததே உங்களிடம்தான்.

வட்டுவனஹள்ளி ஊராட்சியின் மலைக்கிராமங்களை நீங்கள் அறிவீர்கள். கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை முதுகில் ஏற்றிப் போனதை நாடே பார்த்தது. அப்படிப்பட்ட மலைகளில் ஒரு பெண்ணுக்கு வலி வந்தால், கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி ஆண்கள்தான் தோளில் சுமந்து இறக்குகிறார்கள். அந்தத் தோளுக்குத் தலை வணங்குகிறேன். அங்கே சாலை போடச் சொல்லிப் போராடுவது நம் கடமை, அதில் பின்வாங்க மாட்டோம்.

ஆனா ஒரு கேள்வி இருக்கு. கடைசி நாளில் தூளி தூக்க வர்ற தோள், அதுக்கு முந்தின பத்து மாசமும் எங்கே போச்சு?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது: தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. பெருமைதான். அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆஸ்பத்திரி வந்துவிட்டது, ரத்தம் வரவில்லை. ஏன்? நம் வீடுகளில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். குழம்பில் மீன் துண்டு யார் தட்டுக்குப் போகிறது? பிரசவத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டால், ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு தாங்காது. அந்த ஆபத்து பிரசவ அறையில் தொடங்குவதில்லை தோழர்களே, நம்ம சமையலறையில தொடங்குது.

இன்னொரு கணக்கும் அதிலேயே இருக்கிறது. மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.1 சதவீதம். ஆயிரத்துக்கு ஒருத்தர்! சுமந்தவளும் அவள், பெற்றவளும் அவள், கத்திக்குப் படுக்கிறவளும் அவள். ஒருகாலத்தில் இதே மாநிலத்தில் ஆண்கள் முன்வந்து வாசெக்டமி செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் வடநாட்டில் நடந்த கட்டாய ஆபரேஷன்கள் அந்தப் பெயரையே கெடுத்தன. இன்றைக்குத் தழும்பில்லாத சிகிச்சை இருக்கிறது. சில நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் உறுதியாகும் வரை மட்டும் வேறு பாதுகாப்பு தேவை. உழைக்கிற தெம்பும் குறையாது, ஆண்மையும் குறையாது. கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையோடு சேர்த்துப் பேசிய பெரியாரின் படத்தை மேடையில் வைத்துவிட்டு, நாம மட்டும் பயந்து ஓடினா எப்படி?

இனி, நம் மாவட்டத்தின் வலி. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் பின்னர் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டிய நிலை இருந்தது. 2001 கணக்கெடுப்பில் இங்கே ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள். 2011-ல் அது 913 ஆக உயர்ந்தது. உயர்ந்ததே என்று நிம்மதிப்பட முடியாது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994-லேயே சட்டம் தடை செய்தது. இருந்தும் கையடக்க ஸ்கேன் கருவியோடு திரிந்த கும்பல்கள் இந்த மாவட்டத்தில் பிடிபட்டன. அந்த ஸ்கேனுக்குப் பணம் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் யார் கை? "மூணாவதும் பொண்ணா பெத்துட்டா" என்று மருமகளைக் குறை சொல்கிற வீட்டில், ஒரு விஷயத்தை மகன்தான் எழுந்து சொல்ல வேண்டும்: குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அப்பனின் விந்தணு. அதில் அவள் தப்பு எதுவுமில்லை, யார் தப்பும் இல்லை.

நம் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளை கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதி, போட்டோ எடுத்துட்டு வராதீங்க. வளராத உடம்பு பிள்ளை பெறுவது தாய், சேய் இருவருக்குமே ஆபத்து. 1098-க்குப் போன் போடுங்க. ஓட்டு போகுமேன்னு பயப்படாதீங்க, அந்தப் பெண்ணோட உயிரைவிட எந்த ஓட்டும் பெருசில்ல.

"நான் பெங்களூருல வேலையில இருக்கேன், ஓசூர் கம்பெனியில ஷிப்டு, என்ன பண்றது?" என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். பிரசவ அறைக்குள் பெரும்பாலும் பெண் துணையைத்தான் விடுகிறார்கள். அதனால் உங்கள் வேலை அதற்கு முன்னாடியே இருக்கிறது.

✅ கரு உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். ஒரு செக்கப்புக்காவது கூடப் போங்கள்.

✅ இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போட வையுங்கள். டீயோடு வேண்டாம், சத்து உடம்பில் சேராது. ஊரில் இல்லையென்றால் தினமும் போனில் கேளுங்கள்.

✅ விடாத தலைவலி, கண் மங்கல், முகம் வீக்கம், உதிரப்போக்கு, குழந்தை அசைவு குறைவது — இதில் எது வந்தாலும் மாமியார், மாமனார் சம்மதத்துக்குக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். "நான் வர்ற வரைக்கும் இரு"ன்னு சொல்லாதீங்க.

✅ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி அவள் கணக்கில் வருகிறது. ஏடிஎம் கார்டு அவள் கையிலேயே இருக்கட்டும். அது டாஸ்மாக் காசு இல்லை.

✅ ரத்த வங்கிக்குப் போய் ரத்தம் கொடுங்கள். உங்கள் ரத்தம் எந்தத் தாயைக் காப்பாற்றும் என்று உங்களுக்கே தெரியாது.

தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது எத்தனை கொடி கட்டினோம் என்ற கணக்கை அல்ல. உங்கள் தெருவில் எத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், அவர்களின் கணவர்களில் எத்தனை பேர் செக்கப்புக்குக் கூடப் போனார்கள் என்று கேட்பேன். பதிலோடு வாங்க.



#பத்துமாதமும்துணை #தருமபுரி