பிக்கப் வண்டிக்கு இரட்டை அடுக்கு டர்போ பொருத்தலாமா?
(முதலிபாளையம் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உழவியல் ஆசிரியர் நிலக்கடலை பற்றிப் பேசுவார் என்று பார்த்தால், லாரிப் பட்டறைச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நியாயமான பேச்சுதான். இந்த மேசை மேல் நத்தை ஓடு போல இருக்கும் சாமான் ஒரு டர்போ. நிலக்கடலைக்குப் பிறகு வருகிறேன். சென்ற மாதம் இதே ஊரில் மண் மாதிரி எடுக்க வந்தபோது ஓர் இளம் விவசாயி என்னைத் தனியே அழைத்து, "ஏனுங்க சார், என் பிக்கப்புக்கு இன்னொரு டர்போ சேர்த்துப் போட்டா மலை நல்லா ஏறுமுங்களா? பட்டறையில போட்டுத் தரேங்கறாங்க" என்று கேட்டார். அவருக்கு அன்று நின்றபடியே விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் டர்போ என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும். அதாவது சுமார் 10,000 லிட்டர் காற்று. புகையில்லாமல் எரிய வேண்டுமானால் அதற்கும் மேலாகவே வேண்டும். டீசலைக் கூட்டுவது எளிது. பம்பைத் திருகினால் போதும். காற்றைக் கூட்டுவதுதான் கடினம். தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டுச் சாம்பல் சத்தை மறந்த நெல் வயல் எப்படிக் கரும்பச்சையாக வளர்ந்து கடைசியில் சாய்ந்து விடுகிறதோ, அப்படித்தான் காற்றில்லாமல் டீசலை மட்டும் கூட்டிய எஞ்சினும். கரும்புகை விடும், சூடேறும், விளைச்சல் இராது.

எரிந்த டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வீணாகப் போகிறது. அந்தச் சூடான புகையைக் கொண்டு ஒரு விசிறிச் சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதே டர்போ. ஆல்பிரட் பூஷி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தமிழ்நாட்டிலேயே டர்போ செய்யும் நிறுவனம் 1982இல் தொடங்கப்பட்டது. இந்தத் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அவ்வளவு வேகத்தையும் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றே.

2005இல் வந்த டாட்டா ஏஸ் வண்டியில் டர்போ கிடையாது. இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். ஓசூரில் செய்யப்பட்டு 2011இல் வந்த தோஸ்த் வண்டியில் மூன்று சிலிண்டர்தான். ஆனால் டர்போ உண்டு. இரண்டையும் ஓட்டியவர்களுக்கு வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி இரட்டை அடுக்குக்கு வருவோம். இதில் ஒரு பெரிய டர்போவும் ஒரு சிறிய டர்போவும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. எஞ்சினிலிருந்து வரும் புகை முதலில் சிறியதைச் சுழற்றிப் பிறகு பெரியதைச் சுழற்றும். காற்றோ முதலில் பெரியதில் நுழைந்து அழுத்தப்பட்டு, பிறகு சிறியதில் மேலும் அழுத்தப்பட்டு எஞ்சினுக்குப் போகும். சிறியது குறைந்த வேகத்திலேயே விழித்துக்கொள்ளும். பெரியது நிறையக் காற்றைத் தரும். இங்கே அழுத்தம் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. பெரியது இரண்டு மடங்கு, சிறியது இரண்டு மடங்கு என்றால் மொத்தம் நான்கு மடங்கு.

அமெரிக்காவில் டிராக்டர் இழுவைப் போட்டிகளில் இதைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். 2008ஆம் ஆண்டு மாதிரி போர்டு பெரிய பிக்கப்பின் 6.4 லிட்டர் எஞ்சினுக்குத் தொழிற்சாலையிலேயே இப்படி இரண்டு டர்போ வைத்தார்கள். ஜான் டீர் நிறுவனத்தின் பெரிய டிராக்டர் எஞ்சின்கள் சிலவற்றிலும் இது உண்டு. ஆகவே இது ஏமாற்று வேலை அன்று, தேர்ந்த தொழில்நுட்பமே. ஆனால் அந்த எஞ்சின்களின் பிஸ்டன், ஹெட் போல்ட், இன்ஜெக்டர், குளிர்விப்பு எல்லாம் அந்த அழுத்தத்திற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. நம் பொலிரோ பிக்கப்பின் எஞ்சின் 2.5 லிட்டர், 75 குதிரைத்திறன்.

இப்போது என் தம்பியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவன் பழைய பிக்கப் ஒன்றைக் கடன் வாங்கி எடுத்தான். ஒற்றை டர்போ, மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத வண்டி. பகலில் திருப்பூரில் பனியன் துணி உருளைகளைப் பின்னலாலையிலிருந்து சாயப்பட்டறைக்கு ஏற்றுவான். வாரம் இரண்டு முறை பல்லடத்துக் கோழி எருவை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரி காய்கறித் தோட்டங்களுக்குப் போவான். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பாரத்தோடு கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறியது. ஒரு பட்டறைக்காரர் லாரியிலிருந்து கழற்றிய பெரிய டர்போவைச் சேர்த்துப் போடலாம் என்றார். தம்பி என்னிடம் வந்து கேட்டான். நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன்: இரண்டு பெருக்கல் இரண்டு நான்கு. "செய்யலாம்" என்று சொன்னவன் நான். பாதிப் பணம் கொடுத்தவனும் நான்.

நான் காற்றைக் கணக்கிட்டேன், சூட்டைக் கணக்கிடவில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். 35 டிகிரி செல்சியஸ் வெயில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால், டர்போவின் திறன் 70 சதம் என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 130 டிகிரிக்குப் போகும். இடையில் குளிர்விக்காமல் மீண்டும் இரண்டு மடங்கு அழுத்தினால் 250 டிகிரியைத் தாண்டும். சூடான காற்று விரிந்து விடுவதால் அழுத்தம் நான்கு மடங்கானாலும் உள்ளே போகும் காற்றின் எடை நான்கு மடங்காவதில்லை. இரண்டரை மடங்குக்குக்கூட வராது. அதை நம்பிக் கூட்டிய டீசலோ உள்ளே எரிந்துகொண்டே இருக்கும்.

காற்றைக் குளிர்விக்கத்தான் இன்டர்கூலர் இருக்கிறது. பெரும்பாலும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். தம்பி வண்டியில் அதை யாரும் மாற்றவில்லை, பார்க்கவும் இல்லை. பின்னலாலை வாசல்களில் நின்று நின்று, பறக்கும் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதன் தகடுகளில் கம்பளி போர்த்தியது போலப் படிந்திருந்தது. முதல் மூன்று வாரம் வண்டி பறந்தது. தம்பி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். நான்காவது வாரம், எரு மூட்டைகளோடு ஏறும்போது, வெள்ளைப் புகை விட்டு நின்றது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது. திறந்து பார்த்தால் மூன்றாவது பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுந்திருந்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் அதற்கு வெகு முன்பே வலுவிழந்து விடும். புகையின் சூட்டைக் காட்டும் மானி ஒன்றுகூட நாங்கள் பொருத்தவில்லை.

எஞ்சின் வேலை முடியும் வரை வண்டி ஓடவில்லை. துணி வாடகை வேறு ஆளுக்குப் போயிற்று. கடன் தவணை மூன்று தவறியது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. தம்பி என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்திற்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வர இடமுண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் கேட்கவே வேண்டாம். அழுத்தம் வரம்பு மீறினால் கணினியே டீசலைக் குறைத்து வண்டியை நடை போட வைத்துவிடும்.

ஆகவே அந்த இளம் விவசாயிக்கு என் விடை: பொருத்த வேண்டாம். வேலை பெரிதாக இருந்தால் பெரிய வண்டியை எடுங்கள், அல்லது பாரத்தைக் குறைத்து இரு நடையாகப் போங்கள். இருக்கிற ஒற்றை டர்போவை நன்றாக வைத்திருந்தாலே இழந்த சக்தியில் பெரும்பகுதி திரும்பி வரும்.

திருப்பூர் வட்டாரத்தில் ஓடும் வண்டிக்கு முதல் வேலை பஞ்சை நீக்குவது. காற்று வடிகட்டியைக் கையேட்டில் சொன்ன தவணைக்கு முன்னதாகவே திறந்து பாருங்கள். இன்டர்கூலர் தகடுகளை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் காற்றோ நீரோ செலுத்திக் கழுவுங்கள். தகடு மடங்கக் கூடாது. ரப்பர்க் குழாய்களின் இணைப்பில் எண்ணெய்க் கசிவோ, மிதிக்கும்போது சீறும் ஓசையோ இருந்தால் காற்று வீணாகிறது என்று பொருள். ஆயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள். கையேட்டில் உள்ள தரத்தையே ஊற்றுங்கள். மலை ஏறி நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பாமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். உடனே அணைத்தால் சூடான தண்டுக்கு ஆயில் நின்றுபோய், எஞ்சிய ஆயில் அங்கேயே கருகிப் படியும்.

தம்பியின் வண்டி இப்போதும் ஒற்றை டர்போவோடு நீலகிரி போய் வருகிறது. மேசை மேல் இருப்பது அன்று கழற்றிய பெரிய டர்போ. கூட்டம் முடிந்ததும் அருகில் வந்து தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சக்கரம் ஓட்டின் சுவரில் உரசும் அளவுக்கு ஆட்டம் இருக்கிறது. உங்கள் வண்டி டர்போவில் இந்த ஆட்டம் தெரிந்தால் அடுத்த நடைக்கு முன் பட்டறைக்குக் கொண்டு போங்கள். நிலக்கடலை விதை நேர்த்தி பற்றிக் கேட்க வந்தவர்கள் தேநீருக்குப் பிறகு இருங்கள்.