வாவிக் கரையிலிருந்து வாவிக் கரைக்கு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், டென்மார்க் வாழ் பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



மட்டக்களப்பு வாவியின் காற்றைச் சுவாசித்துப் படித்தவர்கள் நாம். விதி எங்களைக் கொண்டுபோய் விட்டதும் இன்னொரு வாவிக் கரையில்தான். டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில், மேற்குக் கரையோரமாக ரிங்கொபிங் என்றொரு சிறு பட்டினம். ஏறத்தாழ பத்தாயிரம் பேர்தான். அதன் முன்னே ஏறத்தாழ 300 சதுர கிலோமீற்றர் பரப்பில் ஆழமில்லாத வாவி. வாவிக்கும் வட கடலுக்கும் நடுவே நீண்ட மணல் திட்டு. வீடெ சான்டெ என்ற இடத்தில் மதகு வைத்து, முகத்துவாரத்தை மனிதரே திறந்து மூடுகிறார்கள். அந்த மதகு 1931 இல் கட்டப்பட்டது. ஊரின் பெயருக்கு "வெள்ளை மணல்" என்று பொருள். முதன்முதல் அங்கே போய் நின்றபோது எங்களில் ஒருவர், "இது எங்கட முகத்துவாரம்தானே" என்று சொல்லி அழுதுவிட்டார்.

மற்றவை எதுவும் ஊரைப்போல் இருக்கவில்லை. 1980களின் நடுப்பகுதியில் தமிழர்கள் டென்மார்க்கை அடைந்தபோது, முதல் 18 மாதங்களுக்கு டெனிஷ் அகதிகள் சபை பொறுப்பேற்று, பலரைச் சிறு பட்டினங்களில் குடியமர்த்தியது. மார்கழியில் காலை ஒன்பது மணியளவில்தான் விடியும். பிற்பகல் நான்கு மணிக்குள் இருட்டிவிடும். மேல் காற்று ஓயாது வீசுவதால் மரங்களெல்லாம் கிழக்கே சாய்ந்தே வளர்ந்திருக்கும். அந்நாட்களில் சனிக்கிழமை மதியத்தோடு கடைகள் பூட்டிவிடும். பிறகு தெருவில் ஆளரவமே இராது. அந்த அமைதிதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

குளிரைவிடக் கொடுமையாக இருந்தது காத்திருப்பு. அக்காலத்தில் பல தமிழ்க் குடும்பங்கள் பிரிந்தே கிடந்தன. 1987 இல் அந்நாளைய நீதி அமைச்சர், சட்டத்தில் உரிமை இருந்தும், எம்மவரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். உண்மை வெளிவந்து, 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வெளியானபோது, பௌல் ஸ்லூட்டரின் அரசே பதவி விலகியது. 1995 இல் அந்த அமைச்சர் விசேட நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். எங்கள் கடிதங்களைக் கிடப்பில் போட்ட நாடும் அதுதான். அதற்காகத் தன் அரசையே இறக்கிய நாடும் அதுதான். இரண்டையும் நாம் மறக்கவில்லை.

இனி நாம் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறோம்.

எங்களில் ஒருவரின் வீட்டுக்குப் பக்கத்தில் வயதான அம்மா ஒருவர் தனியே இருந்தார். கண்டால் "ஹை" என்பார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. ஊரிலென்றால் புதிதாகக் குடிவந்த வீட்டுக்கு அன்று மாலையே நாலு பேர் வந்து, "எந்த ஊர், ஆற்றை பிள்ளை" என்று விசாரித்திருப்பார்கள். இவரோ வரவில்லை. கறுப்பர் என்று ஒதுக்குகிறார்கள் என நாம் தீர்மானித்துவிட்டோம். வீட்டுக்கு முன்னாலுள்ள நடைபாதையின் பனியை வீட்டுக்காரரே அகற்ற வேண்டும் என்பது அந்நாட்டு ஒழுங்கு. அது எங்களுக்குத் தெரியாது. ஆனால் முதல் மாரி முழுவதும் எங்கள் நடைபாதை விடியுமுன்பே சுத்தமாகியிருக்கும். நகரசபை ஆட்கள் செய்கிறார்கள் என்றே எண்ணியிருந்தோம்.

ஆண்டுகள் சென்றன. எங்கள் தோழி முதியோர் பராமரிப்புப் பயிற்சி பெற்று முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அந்த அம்மாவே வந்து சேர்ந்தார். ஒருநாள் தலை வாரிவிடும்போது அவர் கேட்டாராம்: "இப்போது உங்கள் வாசலில் பனியை யார் தள்ளுகிறார்கள்?" தோழி திகைத்துப்போய், "ஏன் ஒருநாளும் கதவைத் தட்டவில்லை?" என்று கேட்டிருக்கிறார். "உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று நினைத்தேன். நீங்களும் தட்டவில்லையே" என்றாராம் அவர்.

எங்களுக்கு, போய் விசாரிக்காவிட்டால் அது மரியாதைக் குறைவு. அவர்களுக்கு, அழைக்காமல் போனால் அது மரியாதைக் குறைவு. இரண்டு வீட்டாரும் மரியாதை காத்தே அத்தனை வருடங்களை வீணாக்கினோம். எல்லா மௌனமும் இப்படி அன்பு மறைந்த மௌனமென்று சொல்லமாட்டோம். வெறுப்பான பார்வைகளையும் கண்டோம். ஆனால் எது எது என்று பிரித்தறிய, முதலில் தட்டிப் பார்க்கவேண்டும்.

அந்த ஊரில் தட்டவேண்டிய கதவு வீட்டுக் கதவன்று, சங்கத்தின் கதவு. டென்மார்க்கில் தையல், பாட்டு, உடற்பயிற்சி, மீன்பிடி என எதற்கும் ஒரு சங்கம் உண்டு. பிள்ளைகள் போன உடற்பயிற்சிச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு நாம் பயந்து பயந்துதான் போனோம். தலைவரின் அறிக்கை, பொருளாளரின் கணக்கறிக்கை, உறுப்பினர் தெரிவு, கடைசியில் "வேறு விடயங்கள்", அதன்பின் கோப்பியும் பணியாரமும். பாதி மொழி விளங்காவிட்டாலும் நிகழ்ச்சி நிரல் முழுவதும் விளங்கியது! எங்கள் பாடசாலையின் தமிழ்ச் சங்கக் கூட்டமேதான். பொருளாளர் பதவிக்கு ஆள் கேட்டபோது எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். பாடசாலையில் அதே பதவியை வகித்த எங்கள் தோழியின் கை தன்பாட்டில் உயர்ந்தது. அடுத்த நாளிலிருந்து கடையிலும் தெருவிலும் அவரை மறித்துப் பேசாதவர் குறைவு. இளவேனிலில் ஸில்ட் மீன் கூட்டமாக முகத்துவாரத்துக்கு வரும். எங்கள் சாளைக்குத் தூரத்து உறவு. மதகடியில் தூண்டிலோடு நிற்பவர்களிடம் அதற்குச் சொதி வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்ததும் நாம்தான்.

இன்று எங்கள் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்குமாக ஓகூஸ், கொப்பன்கேகன் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். "அம்மா, இங்கே வாருங்கள், அங்கே தனியே என்ன செய்கிறீர்கள்?" என்கிறார்கள். அபிராமி அம்மனைத் தரிசிக்கப் பிராண்டேக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஓடவேண்டிய ஊர்தான். ஆனால் அங்கே எங்களுக்கு ஒரு பொறுப்பிருக்கிறது, கணக்குப் புத்தகம் இருக்கிறது, பனி தள்ளிவிடவேண்டிய பக்கத்து வாசல் இருக்கிறது. ஒருமுறை வேரோடு பிடுங்கப்பட்டவர்கள் நாம். இரண்டாம் முறை நாமே பிடுங்கிக்கொள்ள மனம் இடந்தரவில்லை. முதுமையில் எங்கள் தலையை யார் வாருவார் என்ற கேள்வி எங்களுக்கும் உண்டு. அதற்கு விடை இன்னும் இல்லை.

தங்கைமாரே, நீங்கள் எந்த நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும், முதற் கிழமையே அயல் வீட்டுக்காரரின் பெயரைக் கேளுங்கள். ஏதாவதொரு சங்கத்தில் சேர்ந்து, ஆள் கேட்கும்போது கையை உயர்த்துங்கள். கூட்டம் நடத்தவும் கணக்குக் காட்டவும் நாலு பேர் முன் எழுந்து நிற்கவும் இந்தப் பாடசாலை எமக்குக் கற்றுத் தந்தது. எந்த ஊரிலும் செல்லும் காசு அது.

டெனிஷ் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒன்றாக விருந்துண்டவர்கள் மீண்டும் சந்திக்கும்போது, "தக் ஃபோர் ஸிஸ்ட்" என்பார்கள். "கடைசியாக நாம் கூடியிருந்த பொழுதுக்கு நன்றி" என்று பொருள். எங்களுக்கும் உங்களுக்கும் அந்தக் கடைசிப் பொழுது கழிந்து எத்தனையோ ஆண்டுகள். ஆனாலும் சொல்கிறோம்: தக் ஃபோர் ஸிஸ்ட்.