ஊரக நூலகங்களும் கூட்டுப் பணியும்

(திட்டக்குடியில் ஊராட்சிப் பெருமக்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வெள்ளாற்று நீரைத் தொழுதூர் அணைக்கட்டில் திருப்பி, வெலிங்டன் ஏரியில் தேக்கி, மதகு வழியே வாய்க்காலில் விட்டுப் பயிர் செய்யும் பகுதி நம் பகுதி. ஏரி நிறைந்திருந்தால் மட்டும் போதாது. மதகு பழுதின்றி இருத்தல் வேண்டும். வாய்க்கால் தூர் வாரப்பட்டிருத்தல் வேண்டும். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். இவற்றை உங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட நூலகப் பணியும் இத்தன்மையதே. அறிவென்னும் ஏரி நிறைந்து கிடக்கிறது. அதிலிருந்து நம் ஊர்களுக்கு வரும் வாய்க்கால்தான் தூர்ந்து கிடக்கிறது.

படைப்புழு கற்பித்த பாடம்

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, சில மாதங்களுக்குள் தமிழகத்து மக்காச்சோள வயல்களிலும் புகுந்தது. குருத்துக்குள் இருந்துகொண்டு தின்னும் அப்புழுவால் உழவர்கள் அடைந்த இன்னலை நீங்கள் அறிவீர்கள். அந்நாளில் ஊரக நூலகத்து அலமாரியில் இருந்த வேளாண்மை நூல்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அச்சானவை. புதிதாக வந்த புழுவைப் பற்றி அவை எங்ஙனம் கூறும்?

பின்னர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோடை உழவு செய்தல், கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுதல், வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி முதலியன விதைத்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் ஆகிய முறைகளைப் பரிந்துரைத்தது. இணையத்திலும் இவை கிடைக்கின்றன. ஆயினும் இணையத்தில் இருப்பது வேறு. வயலில் நிற்பவருக்கு அது தக்க நேரத்தில் எட்டுவது வேறு. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக நூலகம் ஆதல் வேண்டும் என்பதே நமது கருத்து.

முன்னோர் காட்டிய வழி

இது புதிய எண்ணம் அன்று. 1931-ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பகுதியில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்னும் பெரியார் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அவ்வண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தவர், சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். அரங்கநாதன் ஆவார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்திய கொள்கை. அவருடைய முயற்சியின் பயனாக 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் தோன்றிய முதல் நூலகச் சட்டம் அதுவே.

அன்று மாட்டுவண்டி செய்த பணியை இன்று இணையக் கம்பி செய்ய வல்லது. வண்டி மாறலாம், நோக்கம் மாறலாகாது.

மூன்று நூலகங்கள், மூன்று பூட்டுகள்

நம் ஊர்களில் மூவகை நூலகங்கள் உள்ளன. பொது நூலகத் துறையின் நூலகங்கள் ஒரு வகை. 2006 முதல் 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் கட்டப்பெற்ற நூலகங்கள் மற்றொரு வகை. பள்ளி நூலகங்கள் மூன்றாவது வகை. ஒன்றில் உள்ள நூல் யாது என்பது மற்றொன்றுக்குத் தெரியாது.

சில காலத்திற்கு முன் ஓர் ஊருக்கு ஆய்வுக்குச் சென்றிருந்தோம். நூலகத்தின் சாவியைத் தேடவே அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே கட்டுப் பிரிக்காத நூல்கள் ஒருபுறம், பழுதான தெருவிளக்குச் சாமான்கள் மறுபுறம். நம்முடன் உள்ளே வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, "ஐயா, இதெல்லாம் எங்களுக்குத்தானா?" என்று வினவினாள். விடையளிக்க நமக்கு நாணமாயிருந்தது. அவ்வூரில் நூலகம் உள்ளது என்று ஆண்டுதோறும் அறிக்கையில் எழுதி வந்தவர்கள் நாமே அல்லவா?

செய்ய வேண்டுவன

முதலாவது, மூவகை நூலகங்களுக்கும் பொதுவான ஒரே நூற்பட்டியல் வேண்டும். நூலகர், ஆசிரியர், ஊராட்சிச் செயலர் ஆகிய மூவரும் சேர்ந்து அமர்ந்தால் ஓர் ஊருக்குச் சில நாள் வேலையே ஆகும். கணினியில் ஏற்றிய அப்பட்டியல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது, அண்டை ஊர்கள் ஐந்து ஒன்றுசேர்ந்து, ஊருக்கு ஐம்பது நூல்கள் கொண்ட பெட்டி ஒன்றை மாதந்தோறும் சுற்றில் விடலாம். ஐம்பது நூல் வாங்கிய ஊர் இருநூற்றைம்பது நூல்களைப் படிக்கும். இது நமது முறைப் பாசனம் போன்றதே.

மூன்றாவது, ஐந்து ஊர்களுக்கு ஓர் இடத்திலேனும் கணினியும் இணையமும் அச்சுப்பொறியும் அமைதல் வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருவக் குறிப்புகளை அங்கு அச்சிட்டு, பெட்டியோடு அனுப்பி, ஒவ்வொரு நூலக வாயிலிலும் ஒட்டலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழந்தமிழ் நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். மாணவருக்கு அது பெருஞ்செல்வம்.

நான்காவது, நம் வீடுகளில் உள்ள ஏடுகள், பழைய அச்சு நூல்கள் ஆகியவற்றை மின்படி எடுத்து வைத்தல் வேண்டும். 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2005-ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகத்தில் ஈழத்துத் தமிழர்கள் பலர் கூடி எஞ்சியவற்றையேனும் சேர்த்துக் காத்து வருகின்றனர். 2011-ஆம் ஆண்டு இறுதியில் தானே புயலைக் கண்ட கடலூர் மாவட்டத்தார்க்கு, காற்றும் மழையும் காகிதத்தை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

"கையில் தொலைபேசி இருக்க நூலகம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தொலைபேசியில் மெய்யும் பொய்யும் கலந்தே வருகின்றன. இன்ன மருந்து இன்ன அளவு என்பதில் பொய் கலந்தால் ஒரு போக விளைச்சலே போய்விடும். எது பல்கலைக்கழகம் சொன்னது, எது வணிகர் சொன்னது என்று பிரித்துக் காட்ட ஒருவர் வேண்டும். அவரே நூலகர். தொலைபேசி இல்லாத தாய்மாரும் முதியோரும் நம்மிடையே உள்ளனர் என்பதையும் மறத்தலாகாது.

நமது பணம், நமது பொறுப்பு

இவற்றுக்குப் பணம் எங்கே என்பீர்கள். வீட்டுவரி நூறு ரூபாய் செலுத்துபவர், நூலக வரியாகப் பத்து ரூபாயும் சேர்த்தே செலுத்துகிறார். அத்தொகையை ஊராட்சிகள் காலந்தாழ்த்தாது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்திவிட வேண்டும். கடமையைச் செய்த பின்னரே, எங்கள் ஊருக்கு என்ன செய்தீர்கள் என்று உரிமையுடன் கேட்க இயலும். உழைப்பைப் பகிர்ந்துகொள்ளப் பணமும் மிகுதியாகத் தேவையில்லை.

வருகிற கிராம சபையில் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: "நம் ஊர் நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?" அவ்வினாவுக்கு விடை கிடைத்த நாளன்றே கதவு திறக்கட்டும். திறக்கும் நாளைத் தெரிவித்தால் நாமும் வந்து, கட்டுப் பிரித்து, நூல்களை அடுக்கித் தருவோம். அச்சிறுமிக்கு நாம் அளிக்க வேண்டிய விடை அதுவே.