தாடை வலியும் குழறும் பேச்சும்

 

தாடை வலித்தால் பல்வலி என்று கிராம்பு வைத்துக்கொள்கிறோம். நடக்கும்போது வந்து, உட்கார்ந்தால் அடங்கும் வலி இதயத்திலிருந்தும் வரலாம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் சில வேளை நெஞ்சுவலியே இருக்காது.

பேச்சு குழறி, வாய் கோணி, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் விடாதீர்கள். அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம். முதல் 2 நாட்களில்தான் ஆபத்து அதிகம். சோடா, தண்ணீர் கொடுக்காதீர்கள், புரையேறும். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ மதுரைக்கு அனுப்பினால், பயணத்திலேயே கணிசமான நேரம் போய்விடும்.

நம் தாய்மார்கள் பிள்ளைகளின் தூக்கம் கெடுமே என்று ஃபஜ்ர் வரை பொறுத்திருப்பார்கள். எந்நேரமானாலும் எழுப்பச் சொல்லி இன்றிரவே சொல்லிவையுங்கள்.