பெரியார் முன் தொழில் உரைத்தல்

(சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தொழில் தொடங்க விரும்பும் இளைஞன் ஒருவன், தான் நெடுநாளாகப் போற்றிவந்த பெரியார் ஒருவரை அணுகித் தன் கருத்தைக் கூறப் புகுங்கால் நாவறண்டு நிற்றலை யாம் பலமுறை கண்டிருக்கின்றோம். அன்பும் அச்சமும் ஒருங்கே நெஞ்சை அடைத்துக்கொள்கின்றன. சிலர் அச்சத்தை மறைத்தற்பொருட்டுப் புகழுரைகளை அடுக்கிவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே விடைபெற்று மீள்வர். இந்நிலையில் செய்யத்தக்கது யாது? அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கி. பி. 1896-இல் ஹென்றி போர்டு என்பார் டெட்ராயிட் நகரில், எடிசன் பெயரால் நடந்த மின்விளக்குக் கம்பெனியில் தலைமை இஞ்சினீயராக இருந்தார். அப்போது அவர்க்கு வயது 33. கம்பெனி வேலை போக எஞ்சிய நேரத்தில், வீட்டின் பின்புறக் கொட்டகையில், பெட்ரோலால் ஓடும் வண்டியொன்றை உருவாக்கிவந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அது முற்றுப்பெற்றது. கொட்டகையின் வாயில் சிறிதாயிருந்தமையால், செங்கற் சுவரை இடித்தே வண்டியை வெளிக்கொணர்ந்தார்.

ஆகஸ்டு மாதத்தில், நியூயார்க் நகரைச் சார்ந்த கடற்கரை விடுதி ஒன்றில் எடிசன் கம்பெனிகளின் மாநாடு கூடிற்று. போர்டு தம் உள்ளத்தில் வைத்துப் போற்றிய எடிசனும் விருந்து மேசையில் அமர்ந்திருந்தார். பேச்சு மின்சார வண்டிகளைப் பற்றியதாயிற்று. அப்போது போர்டின் மேலதிகாரியாகிய அலெக்ஸாண்டர் டவ் என்பவர், பெட்ரோல் வண்டி செய்த இளைஞர் ஒருவர் ஈண்டு உளர் என்று போர்டைச் சுட்டிக் காட்டினார்.

எடிசன் செவிப்புலன் குறைந்தவர். ஆதலின் போர்டு அவர்க்கு அருகில் அமர்த்தப்பட்டார். எந்திரம் எம்முறையில் இயங்குகின்றது, உள்ளே வாயு எவ்வாறு தீப்பற்றுகின்றது என்று எடிசன் ஒன்றன்பின் ஒன்றாக வினவினார். போர்டு சொல்வன்மை மிக்கவர் அல்லர். எனினும் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றையும் வரைந்து காட்டினார். முடிவில் எடிசன் மேசையை ஓங்கித் தட்டி, இதுவே வேண்டுவது, விடாது முயல்க என்று ஊக்கினார். மின்சார வண்டி மின்நிலையத்தை விட்டு நெடுந்தொலைவு செல்லாது. நீராவி வண்டிக்கோ கொதிகலமும் நெருப்பும் வேண்டும். இவ்வண்டியோ தன் ஆற்றலைத் தானே சுமந்து செல்வது என்று காரணமும் கூறினார். மின்சாரத்தால் பெரும்புகழ் பெற்ற ஒருவர் பெட்ரோல் வண்டியை இங்ஙனம் பாராட்டியது அவர்தம் நடுவுநிலைமையைக் காட்டும்.

அன்பர்களே! அன்று போர்டு பெற்றது பொருளன்று; ஊக்கம் ஒன்றே. 1899-இல் அவர் வேலையைத் துறந்தார். அவ்வாண்டு தொடங்கிய முதற் கம்பெனி 1901-இல் கலைந்தது. அடுத்ததிலிருந்தும் அவர் விலக நேர்ந்தது. 1903-இல் நிறுவிய போர்டு மோட்டார் கம்பெனியே நிலைபெற்றது. 1908-இல் வெளிவந்த 'மாடல் டி' என்னும் வண்டி, 1927-க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. பெரியாரின் வாய்ச்சொல் முதலீடு ஆகாது. தோல்வியைத் தடுக்கும் காப்பும் ஆகாது. ஆயினும் தோற்றபின் எழுந்து நிற்க அது ஊன்றுகோலாகும்.

இளைஞர்கட்கு யாம் கூறுவது இது. அச்சத்தை அடக்க முயலாதீர். அவருடைய பெருமையை எண்ணுந்தோறும் அச்சம் வளரும். உங்கள் தொழிலின் நுட்பத்தை எண்ணுந்தோறும் அது தேயும். முதல் எவ்வளவு, வாங்குவோர் யாவர், இலாபம் எங்கிருந்து வரும் என்னும் வினாக்களுக்கு விடை கையிலிருப்பின், நா நடுங்கினும் காரியம் நடுங்காது. அவர் வினவுதலை இகழ்ச்சியென்று கொள்ளாதீர். விருப்பமில்லாதவர் வினவுவதில்லை, தலையசைத்து அனுப்பிவிடுவர்.

பெரியோர்கட்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. காது கேளாத எடிசன் இளைஞன் கூறுவதை முற்றும் கேட்டார். நன்கு கேட்கும் செவியுடைய நாம், நம்மைத் தேடி வரும் பிள்ளைகளை எத்துணை நேரம் இருத்திக் கேட்கின்றோம்? மேலும், டவ் என்பாரை மறத்தல் தகாது. அவர் வருங்காலம் மின்சாரத்துக்கே உரியது என்னும் கொள்கையினர். ஆயினும் போர்டு தாமே எழுந்து சொல்லாத சொல்லை அவர் எடுத்துச் சொன்னார். அவ்வொரு சொல் இல்லையேல் அன்று அவ்வுரையாடல் நிகழ்ந்திராது.

சங்கம் என்பது எதற்கு? ஆண்டுதோறும் கூடி உண்டு பிரிதற்கு மட்டுமன்று. எடிசனைப் போன்றார் நம்மிடையே அரியர். டவ் போல அறிமுகம் செய்துவைத்தல் நம் எல்லார்க்கும் இயலும். வாய் திறக்க அஞ்சும் பிள்ளை ஒருவனை, அவன் காணவேண்டிய பெரியார்முன் அழைத்துச் சென்று நிறுத்துதல் இச்சங்கத்தின் தலையாய கடன் என்று கூறி அமைகின்றோம்.