செம்மரத்தை வெட்டியது யார்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வயிற்றுப் பிழைப்புக்காகச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்தவர்கள் நாம். கட்டடம் கட்டுகிறோம், ஓட்டலில் இலை எடுக்கிறோம், மூட்டை தூக்குகிறோம். ஆனாலும் தமிழ் பேசிக்கொண்டு, கையில் ஒரு பையோடு பஸ்ஸில் வரும் ஆண்பிள்ளையைப் பார்த்து, "மரம் வெட்ட வந்தாயா?" என்று கேட்பவர்கள் இங்கே உண்டு. அந்தக் கேள்விக்குள் ஒரு கதை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

நம் ஊர்க் குழந்தைகள் கையில் இருந்த மரப்பாச்சிப் பொம்மை எந்த மரத்தில் கடைந்தது? செம்மரத்தில். அந்த மரம் இயற்கையாக வளரும் இடம் உலகத்திலேயே மிகச் சிறியது. சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, நல்லமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிதான் அதன் தாயகம். கல்லும் வறட்சியும் நிறைந்த மண்ணில் அது மெதுவாக வளரும். வைரம் பாயப் பல பத்தாண்டுகள் வேண்டும். அந்தச் சிவந்த வைரத்துக்குத்தான் சீனத்திலும் ஜப்பானிலும் விலை. அங்கே அது மேசை நாற்காலியாகிறது, இசைக்கருவியாகிறது. 1995-இல் உலக நாடுகளின் உடன்படிக்கை ஒன்று இந்த மரத்தின் வாணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? இதற்கு இரண்டு கதைகள் சொல்கிறார்கள். ஒன்று: "தமிழ்நாட்டுக் கூலிகள் திருடர்கள், அவர்களை ஒழித்தால் காடு பிழைக்கும்." மற்றொன்று நம்மவர் சொல்வது: "அவர்கள் ஒன்றும் அறியாத அப்பாவிகள்." இரண்டும் பாதிக் கதைகள், தோழர்களே.

நடந்ததைப் பாருங்கள். 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் இரண்டு வனத்துறை அலுவலர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களும் மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள்தாம். அதை மறைத்துப் பேசினால் நம் பேச்சுக்கு மதிப்பில்லை. அந்த வழக்கில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டுச் சிறையில் கிடந்தார்கள். 2016-இல் திருப்பதி நீதிமன்றம் 280-க்கும் மேற்பட்டோரை விடுதலை செய்தது. இடையில் போன இரண்டு ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

2015 ஏப்ரல் 7 அன்று அதே சேஷாசலக் காட்டில் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பகுதிகளைச் சேர்ந்த ஏழைகள் அவர்களில் பலர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. உடன் வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்தே இறக்கிக்கொண்டு போனார்கள் என்றார் தப்பி வந்த ஒருவர். மத்தியப் புலனாய்வு விசாரணை வேண்டும், குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால உதவி தரவேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் மேலும் 5 தமிழர்களின் உடல்கள் மிதந்தன.

இத்தனை பிணங்கள் விழுந்தன. கடத்தல் ஒழிந்ததா? இல்லை. காரணம், இது ஒரு சங்கிலி. வெளிநாட்டில் வாங்குபவன், துறைமுகத்தில் ஏற்றி அனுப்புபவன், கிடங்கு வைத்திருப்பவன், லாரிக்காரன், வழிவிடும் அதிகாரி, ஊரில் முன்பணம் கொடுக்கும் தரகன், கடைசியில் கோடரிக்காரன். கடைசிக் கண்ணி செத்தால், அடுத்த வாரமே தரகன் வேறு மலைக் கிராமத்தில் வேறு கடன்காரனைப் பிடிப்பான். காவல் கடுமையானால் சரக்குக்கு விலை ஏறும். விலை ஏறினால் முன்பணம் ஏறும். முன்பணம் ஏறினால் ஆள் கிடைப்பான். மேல் கண்ணிகள் அப்படியே இருக்கும்.

கோடரிக்காரன் எங்கிருந்து வந்தான்? ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. வெள்ளைப் பாகத்தைச் செதுக்கி வைரத்தை மட்டும் எடுக்கும் கைத்திறன் அங்கே வளர்ந்தது. கள்ள வெட்டில் சந்தனம் அருகியது. சாமையும் புளியும் தேனும் விற்று ஆண்டு முழுதும் சாப்பிட முடியாது. திறன் கையில் இருக்க, வேலை ஊரில் இல்லை. தரகன் வந்து நின்றது அந்த வாசலில்தான். 2004-இல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதனால் சந்தனக் காடு திரும்பி வந்துவிட்டதா? ஒரு வில்லன் செத்தால் கதை முடியும். காட்டின் கணக்கு அப்படி முடியாது.

காடு நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். திருமலையில் பாபவிநாசம், கோகர்ப்பம் அணைகளின் நீரும், திருப்பதி குடிக்கும் கல்யாணி அணை நீரும் இந்த மலையில் பெய்யும் மழைதான். சுவர்ணமுகி ஆற்றுக்கும் நீர் இங்கிருந்து போகிறது. மரம் போனால் மண் நிற்காது; மண் போனால் நீர் நிற்காது. நீர் இல்லாத ஊருக்கு யாத்திரிகர் எப்படி வருவார்? ஓட்டலும் கட்டட வேலையும் எங்கே இருக்கும்? மரத்தைக் காப்பதும் நம் கூலியைக் காப்பதும் ஒரே வேலை.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை சில. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி மலைமக்களுக்கு நிலத்திலும் காட்டு விளைபொருளிலும் உரிமை தரவேண்டும். சாமைக்கும் புளிக்கும் நியாய விலை வேண்டும். உழவர் சொந்த நிலத்தில் வளர்த்த செம்மரத்தை அலைக்கழிப்பில்லாமல் விற்க வழி வேண்டும். நேர்வழியில் சரக்குக் கிடைத்தால் திருட்டுச் சரக்கின் மவுசு குறையும். பிடிபட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தவேண்டும். காட்டில் தீர்ப்பு எழுதக்கூடாது. மேல் கண்ணிகளின் கணக்கு வழக்குகளைத் தோண்டவேண்டும்.

நாம் செய்யவேண்டியதும் உண்டு. வேலை எது, இடம் எது என்று சொல்லாமல் முன்பணம் நீட்டுபவனிடம் கை நீட்டாதீர்கள். ஊரில் இருக்கும் தம்பிகளுக்கும் மச்சான்களுக்கும் இதை எழுதுங்கள், போனில் சொல்லுங்கள். யாராவது காணாமற்போனால் அன்றைக்கே சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

தாய்மார்களே, அந்த 20 வீடுகளிலும் போனவன் திரும்பி வருவான் என்றுதான் உலை வைத்துக் காத்திருந்திருப்பார்கள். செம்மரத்தை வெட்டியது யார் என்று இனி யாராவது உங்களைக் கேட்டால், கோடரி பிடித்த கையை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். சங்கிலி முழுவதையும் சொல்லுங்கள்.