வானொலிக்கு யார் படியளப்பது?



"வானொலிக்கு எதற்கு வரிப்பணம்? விளம்பரம் வாங்கிப் பிழைத்துக்கொள்ளட்டுமே" என்கிறவர்களுக்குச் சென்னையின் பழைய கதை ஒன்று இருக்கிறது.

1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் இங்கே ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடை தாங்காமல் 1927இல் மூடிவிட்டார்கள். அதே ஆண்டு பம்பாயில் ஒரு தனியார் கம்பெனி முளைத்தது. ரேடியோ வைத்திருப்பவர் ஆண்டுக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் கட்டவேண்டும். அதில் எட்டு ரூபாய் கம்பெனிக்கு. கட்டியவர்கள் சில ஆயிரம் பேர்தான். காற்றில் வருவதற்குக் காசா என்று மற்றவர்கள் நினைத்தார்களோ என்னவோ! 1930இல் கம்பெனி திவால்.

கிளப்பின் டிரான்ஸ்மிட்டர் என்ன ஆனது? சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டது. 1930 முதல் ஊர்ப் பணத்தில் ஒலிபரப்பு. கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். வீட்டில் ரேடியோ வாங்க வக்கில்லாதவரும் மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். 1938இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வரும்வரை இது ஓடியது.

அறுபதுகளில் திருச்சி வானொலி சொல்லித்தான் தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டி. 27 நெல்லை விதைத்தார்கள். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. எந்த சோப்பு விளம்பரம் இதற்குப் பணம் கட்டியிருக்கும்?

சரி, அரசு படியளந்தால் அரசின் மனம் கோணாமல்தானே பேசவேண்டும்? நியாயமான பயம்தான். வானொலிக்குத் தன்னாட்சி வேண்டுமென்று, சந்தா என்பவர் தலைமையிலான அரசுக் குழு 1966இலேயே சொன்னது. அந்தத் தன்னாட்சிக்கான பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது 1990இல்; நடைமுறைக்கு வந்தது 1997இல். ஊழியர்களின் சம்பளம் இன்றும் மத்திய பட்ஜெட்டிலிருந்துதான். இதற்கிடையே, எண்பதுகளில், லைசென்ஸ் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கேட்பவருக்கு மிச்சம்தான். ஆனால் நிலையத்துக்கு நேரே காசு கொடுப்பவர் என்ற இடம் அவருக்கு இல்லாமல் போனது.

பி.பி.சி.க்கு இன்றும் வீட்டுக்கு வீடு கட்டணம் உண்டு. அதுவும் முழுத் தீர்வல்ல. தொகையை முடிவுசெய்வது அரசுதான். 2022இல், இரண்டு ஆண்டுகளுக்கு உயர்த்த முடியாது என்று சொல்லிவிட்டது.

எனக்குத் தோன்றுவது இது: வரிப்பணம் வரட்டும், ஆனால் ஆண்டுதோறும் அமைச்சகத்தின் வாசலில் நிற்கவேண்டாம். ஐந்தாண்டுத் தொகையை நாடாளுமன்றம் ஒரே தடவையில் ஒதுக்கட்டும். நடுவில் எப்படியும் ஒரு பொதுத்தேர்தல் வந்துபோகும். யார் ஜெயித்தாலும் அந்தத் தொகையில் கைவைக்கக் கூடாது.